தொண்டைக்கு ஒரு ஜெபக் குறிப்பு

மழை எனக்கு ஆகாது. இதைச் சொன்னால் எதிரில் இருப்பவர்கள், "சளி பிடிச்சுக்குமா?" என்று கேட்பார்கள். சளி இல்லை, பயம்.

பூந்தமல்லிப் பக்கம் தரைத்தளத்தில் குடியிருந்தபோது ஒரு மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. முதலில் செருப்பு மிதந்தது. பிறகு நாற்காலி மிதந்தது. கடைசியில் காஸ் சிலிண்டர் மிதந்தது. அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மகளைப் பரண் மேல் ஏற்றி உட்காரவைத்துவிட்டு, நானும் கணவரும் சாப்பாட்டு மேஜை மேல் நின்றுகொண்டிருந்தோம். மகள் பரணில் கிடந்த பழைய வார இதழ்களைப் புரட்டிக்கொண்டு, நடுநடுவே எங்களுக்கு ஜோக் வாசித்துக் காட்டினாள். நாங்கள் சிரிக்கவில்லை என்று கோபித்துக்கொண்டாள். தண்ணீர் வடிந்ததும் அவள் இறங்கி வந்து அவள் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். நான்தான் இன்னும் மேஜை மேலேயே நிற்கிறேன்.

இப்போது இருப்பது ஆவடியில், மூன்றாவது மாடியில். ஆனாலும் வானம் கறுத்தால் என் கை தானாகச் செருப்பை எடுத்து அலமாரி மேல் வைக்கும். கட்டிலுக்கு அடியில் தார்ப்பாய்கள், கயிறு, மெழுகுவர்த்தி, விசில், கைப்பேசியைப் போட்டு மூடுவதற்கு ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைகள். மேகத்தைப் பார்த்ததும் கணவர் காரை எடுத்துக்கொண்டு போய் மேம்பாலத்தின் மேல் நிறுத்திவிட்டு வருவார். "மூணாவது மாடிக்குத் தண்ணி வந்தா மேம்பாலமும்தான் முழுகியிருக்கும்" என்று அவரே சொல்வார். சொல்லிவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு கிளம்புவார்.

இப்படிப்பட்ட வீட்டில், மழையை நம்பிப் பிழைக்க ஆசைப்படும் ஒரு மகள்.

அவள் படித்தது கம்ப்யூட்டர். நல்ல வேலையில் இருந்தாள். ஏசி, கேன்டீன், வீட்டு வாசலில் வந்து ஏற்றிக்கொள்ளும் வண்டி. ஒரு நாள் அதை விட்டுவிட்டு வந்து, செம்பரம்பாக்கம் ஏரிக்கு அந்தப் பக்கம் நிலம் குத்தகைக்கு எடுத்திருப்பதாகச் சொன்னாள். மனை என்று நினைத்து முதலில் சந்தோஷப்பட்டேன். வயலாம். இரண்டு குடோன்களுக்கும் பிளாட் போட்டு நட்டுவைத்த கற்களுக்கும் நடுவே தப்பித்துக் கிடக்கும் நெல் வயல். நான் அழுதேன், அவள் சமாதானம் சொன்னாள், நான் மறுபடியும் அழுதேன். கடைசியில் ஒப்பந்தம் ஒன்று ஆயிற்று.

"இந்த ஒரு போகம்மா. சரியா விளையலன்னா மறுபடியும் வேலைக்குப் போயிடறேன்."

"ஆமென் சொல்லு."

"எதுக்கு?"

"சொல்லு."

"ஆமென்" என்றாள். எங்கள் வீட்டில் அதற்கு மேல் பத்திரப் பதிவு கிடையாது.

அன்றிலிருந்து அவள் அந்த வயலுக்கு அருகிலேயே ஒரு அறை எடுத்துத் தங்கினாள். நான் ஆவடியில் இருந்துகொண்டு, அந்தப் போகம் எப்படியாவது சுமாராகப் போக வேண்டும் என்று காத்திருந்தேன். பெரிய நஷ்டம் வேண்டாம். பெற்ற தாய் அல்லவா? சுமார் போதும்.

பங்குனி பிறந்தது. மாசி முழுக்க ஒரு தூறல்கூட இல்லை. எனக்கு நிம்மதியான காலம். மண்ணூர்பேட்டையில் நான் கணக்கு பார்க்கும் அலுவலகத்தில் மதிய சாப்பாடு முடிந்து உட்கார்ந்திருந்தபோது மகள் கூப்பிட்டாள். சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைத்தது.

"அம்மா… தொண்டை… உருள ஆரம்பிச்சிருச்சு… தண்ணி சுத்தமா இறங்கல… காஞ்சு போய்க் கெடக்கு… இப்படியே விட்டா வெளியவே வராதும்மா…"

"என்னடி உருளுது? என்ன வெளிய வராது?"

இணைப்பு போய்விட்டது. திருப்பிக் கூப்பிட்டால், தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் மூன்று மொழிகளில் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது: "பேச முடியல மா. காலையில சொல்றேன்."

பேச முடியவில்லை! தொண்டையில் ஏதோ உருள்கிறது, தண்ணீர் இறங்கவில்லை, பேச்சும் போய்விட்டது. அந்த மத்தியானம் நான் இணையத்தில் படித்த வியாதிகளின் பெயர்களை இங்கே எழுதினால் இதைப் படிப்பவர்களுக்கும் தொண்டை வலிக்கும். உடனே கிளம்பலாம் என்றேன். கணவர் பதற்றப்படாதவர் மாதிரி நடிப்பதில் தேர்ந்தவர். "காலைல சொல்றேன்னு தானே போட்டிருக்கா? சீரியஸா இருந்தா எமோஜி போட்டிருப்பா" என்றார்.

அன்று புதன்கிழமை. சாயங்காலம் சபையில் ஜெபக் கூட்டம். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்புக் காலமானதால் வழக்கத்தைவிடக் கூட்டம். எங்கள் சபையில் பாட்டு முடிந்ததும் போதகர், "ஜெபக் குறிப்பு இருக்கிறவங்க சொல்லலாம்" என்பார். அவரவர் எழுந்து தங்கள் கஷ்டத்தைச் சொல்ல, எல்லோரும் அதற்காக ஜெபிப்போம். மழைக்காலம் முழுக்க என் குறிப்பு ஒன்றுதான்: மழை அளவோடு பெய்ய வேண்டும். அளவு என்றால் எவ்வளவு என்று போதகர் ஒருமுறை கேட்டதற்கு, "தூறல்" என்று சொல்லியிருக்கிறேன்.

அன்று எழுந்து நின்றேன். "என் மகளுக்குத் தொண்டையில ஏதோ உருளுது. தண்ணி இறங்கல. வெளியவும் வரல" என்று சொல்வதற்குள் அழுகை முட்டிக்கொண்டது. சபையே உச்சுக்கொட்டியது. போதகர் கண்ணை மூடிக்கொண்டு உருக்கமாக ஜெபித்தார்.

"ஆண்டவரே, அந்தத் தொண்டையைத் தொடும். வறண்டுபோன அந்தத் தொண்டையை நனைத்தருளும். உள்ளே அடைபட்டிருப்பது எதுவாக இருந்தாலும் அதை முழுமையாக வெளியே கொண்டுவாரும்."

எல்லோரும் "ஆமென்" என்றார்கள். கூட்டம் முடிந்ததும் ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். பாடகர் குழுவில் முதல் வரிசையில் நின்று பாடும் அக்கா ஒருவர் இருக்கிறார். அவர் குரல் ஓங்கினால் ஒலிபெருக்கி வெட்கப்படும். அவர் என் கையைப் பிடித்து, தொண்டைக்கு அவர் சாப்பிடும் அதிமதுரப் பொட்டலத்தையே கொடுத்தார். "நாள் முழுக்க வாயில அடக்கிக்கச் சொல்லுங்க. பேசவே கூடாது. மீறிப் பேசினா எனக்கு போன் போடுங்க, நான் திட்டறேன்" என்றார்.

விடிந்ததும் மிளகுக் கஷாயத்தை பிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு கிளம்பினோம். குடோனைத் தாண்டி கார் திரும்பும்போதே மகளின் குரல் கேட்டது. மோட்டார் ரிப்பேர் செய்ய வருகிறேன் என்று வராமல் போன யாரையோ போனில் வறுத்துக்கொண்டிருந்தாள். ஏரியின் மறுகரை வரை கேட்டிருக்கும்.

கணவர் காரை நிறுத்திவிட்டு, "தொண்டை நல்லாத்தான் இருக்கு" என்றார்.

நான் ஓடிப்போய் அவள் தாடையைப் பிடித்து, "ஆ காட்டு" என்றேன். காட்டினாள். டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்றும் உருளவில்லை.

"என்னம்மா பண்றே?"

"நீதானடி சொன்ன, தொண்டை உருளுதுன்னு!"

அவள் என்னைப் பார்த்தாள். பிளாஸ்க்கைப் பார்த்தாள். அதிமதுரப் பொட்டலத்தைப் பார்த்தாள். பிறகு வரப்பிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். பக்கத்து வயல்காரர் என்னவோ ஏதோவென்று ஓடி வந்தார்.

"இன்னா பாப்பா, இன்னா ஆச்சு?"

"அண்ணா… பயிருக்குத் தொண்டை உருளுதுன்னு சொன்னேன்… அம்மா எனக்குன்னு நெனச்சு கஷாயம் எடுத்துட்டு வந்திருக்காங்க…"

"அய்ய! பயிருக்கு மொளகு கஷாயமா? எந்த ஊர்ல ஊத்துறாங்கோ?" என்றார் அவர். பிளாஸ்க்கை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, "வேஸ்ட் பண்ணாத. எனக்கு ரெண்டு நாளா தொண்ட கரகரன்னுதான் கீது" என்று மூடியில் ஊற்றிக் குடித்தார்.

மகள் ஒரு பயிரைப் பிடுங்கி வந்து காட்டினாள். தண்டின் மேல்பகுதி கொஞ்சம் தடித்து, உருண்டு இருந்தது. அதைத்தான் தொண்டை என்பார்களாம். நகத்தால் கீறிப் பிரித்தாள். உள்ளே வெளுத்த, ஈரமான, நூல் மாதிரி ஒரு குட்டிக் கதிர் சுருண்டு படுத்திருந்தது.

"இப்பதாம்மா இதுக்குத் தண்ணி வேணும். இல்லன்னா பாதி வெளிய வந்து நின்னுடும். வந்ததும் பதராப் போயிடும். மோட்டார் போட்டா கொஞ்ச நேரத்துலயே காத்துதான் வருது."

வயலைப் பார்த்தேன். சேறாக இருக்க வேண்டிய இடம் வெடித்துக் கிடந்தது. வெடிப்பில் என் செருப்பின் நுனி போனது. படித்தவள் என்ற முறையில் உடனே ஒரு தீர்வு சொன்னேன்.

"லாரித் தண்ணி சொல்லலாமே? எங்க ஃப்ளாட்டுக்கெல்லாம் போன் பண்ணினா வந்துடுது."

பக்கத்து வயல்காரருக்குப் புரை ஏறியது. "லாரியா? அவனே இந்தாண்டக் கெணத்துலருந்துதான்மா உறிஞ்சிகினு போறான். நம்ம தண்ணிய நமக்கே கொண்டாந்து குடுப்பான், நல்ல மன்ஸன்" என்றார். பிறகு வானத்தை அண்ணாந்து பார்த்து, "மழயும் கெடயாது. சித்தர பொறக்கற வரிக்கும் ஒரு பொட்டு விழாது. நான் சொல்றேன், பாத்துக்கோ" என்றார் உறுதியாக.

கிளம்பும்போது மகள் கார் வரை வந்தாள்.

"ஒரு மழை, ஒரே ஒரு நல்ல மழை போதும்மா" என்றாள். பிறகு சிரித்துக்கொண்டே, "உனக்கென்ன, பெய்யலன்னாதான் உனக்கு லாபம். நான் ஆமென் சொல்லியிருக்கேன்ல?" என்றாள்.

கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் திரும்பி நடக்கும்போது தோளை ஒரு பக்கம் சாய்த்து நடந்தாள். பரீட்சை சரியாக எழுதாத நாட்களில் பள்ளிக்கூட வாசலிலிருந்து அப்படித்தான் வருவாள்.

காரில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் பக்கம் எல்லாமே சாதகமாக இருந்தது. வானத்தில் மேகம் இல்லை. மழையும் இல்லை, வெள்ளமும் இல்லை. சித்திரை பிறந்தால் மகள் மறுபடியும் ஏசி வண்டியில் ஏறிவிடுவாள். ஆனால் அந்தச் சுருண்டு படுத்திருந்த வெள்ளைக் கதிர் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

"ஏங்க, மழை வருமான்னு போன்ல பாருங்க" என்றேன்.

"வராது. பயப்படாதே."

"வராதா?" என்றேன். என் குரலைக் கேட்டு அவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் மறுபடியும் ஜெபக் குறிப்பு நேரம். எனக்கு முன்னால் எழுந்தவர் அந்தப் பாடகர் குழு அக்கா. கோவில்பதாகையில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார். "வர்ற வியாழக்கிழமை தளம் போடறோம். அன்னைக்கு ஒரு சொட்டு மழை இருக்கக் கூடாது" என்றார். சொன்னதோடு என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். மழை வேண்டாம் கட்சியில் சபையிலேயே மூத்த உறுப்பினர் நான்தானே?

நான் எழுந்தேன்.

"போன வாரம் நான் சொன்ன தொண்டை… அது என் மகளோட தொண்டை இல்ல. நெல்லோட தொண்டை. அவ நல்லா இருக்கா. நெல்லுக்குத்தான் தண்ணி இறங்கல. அதனால…" அக்கா பக்கம் பார்க்காமல் சொன்னேன். "மழை வேணும். நல்ல மழை. தூறல் பத்தாது."

சபையில் அப்படி ஒரு அமைதி கிறிஸ்துமஸ் ஆராதனையில்கூட வந்ததில்லை. பிறகு பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். பாடகர் குழு அக்கா என்னைப் பார்த்த பார்வையில், அதிமதுரத்தைத் திருப்பிக் கேட்டுவிடுவார் போலிருந்தது.

போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் மாட்டினார். கண்களை மூடினார். ஆட்டோக்காரருக்கு வழி சொல்வது மாதிரி ஜெபித்தார்.

"ஆண்டவரே, பூந்தமல்லிக்கு அந்தப்புறம், செம்பரம்பாக்கம் பகுதியிலே நல்ல மழையைக் கட்டளையிடும். கோவில்பதாகைப் பகுதியிலே வியாழக்கிழமை மட்டும் வானத்தை அடைத்தருளும். மேகங்களுக்கு நீரே வழிகாட்டும்."

வெளியே வந்ததும் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். "ஒவ்வொரு மழைக்கும் விசிலை மாட்டிக்கிட்டு அலையறவங்க நீங்க. எனக்குன்னு ஒரு நாள் வானம் வெறிச்சுக் கெடக்கணும்னா, அன்னைக்குப் போய் மழை கேக்கறீங்களே, நியாயமா?"

"தளத்தை வெள்ளிக்கிழமைக்கு மாத்திக்கக் கூடாதாக்கா?"

"உங்க தொண்டையை மாத்திக்கச் சொல்லுங்க!"

வியாழக்கிழமை மத்தியானம் வரை வெயில் சுட்டெரித்தது. நான் அலுவலகத்தில் கணக்கைப் பார்ப்பதும் ஜன்னலைப் பார்ப்பதுமாக இருந்தேன். மூன்று மணி வாக்கில் வெளிச்சம் சட்டென்று மங்கியது. மேற்கே பூந்தமல்லிப் பக்கத்திலிருந்து கரியைப் பூசிய மாதிரி மேகம் எழுந்துகொண்டிருந்தது. இடி இடித்தது. என் உடம்பு அதன் பழைய வேலையைப் பார்த்தது. கை தானாகச் செருப்பைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டது. பக்கத்து மேஜைக்காரர் செருப்பையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். எனக்கோ பயத்தில் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. வாய் மட்டும், "வா, வா, வா" என்று சொல்லிக்கொண்டிருந்தது.

போன் அடித்தது. பாடகர் குழு அக்கா.

"உங்க ஆள் வந்துட்டார்" என்றார். மேகத்தைச் சொல்கிறார். "வழி தெரியாம நேரா இங்கேயே வந்துட்டிருக்கார். தளம் இப்பதான் போட்டு முடிச்சோம். மேஸ்திரி கொண்டுவந்த தார்ப்பாய் பாதிக்குக்கூடப் பத்தல. நீங்க கட்டிலுக்கு அடியில வச்சிருக்கீங்களே…"

அத்தனை வருஷத்தில் என் தார்ப்பாய்களை முதல்முதலாக ஒருவர் கேட்டார். கணவர் வீட்டிலிருந்து அவற்றை ஏற்றிக்கொண்டு வந்து என்னையும் வழியில் ஏற்றிக்கொண்டார். கோவில்பதாகை போய்ச் சேரும்போது பெரிய பெரிய துளிகளாக விழ ஆரம்பித்திருந்தது. கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டைத் தளம். சாரப் பலகை மேல் தவழ்ந்து ஏறினேன். தார்ப்பாயை விரித்து, ஓரமெல்லாம் செங்கல் வைத்தோம். காற்று செங்கலோடு சேர்த்துத் தூக்கியது. கடைசியில் மேஸ்திரி ஒரு மூலை, அக்கா ஒரு மூலை, கணவர் ஒரு மூலை, நான் ஒரு மூலை என்று ஓரங்களின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டோம்.

பிறகு கொட்டியது. கண் திறக்க முடியாத மழை. வெள்ளம் வந்த வருஷத்துக்குப் பிறகு நான் மழையில் நனைவது அதுதான் முதல் தடவை. அக்கா பயமே இல்லாமல், பாடுகிற குரலில் என்னைத் திட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் எனக்குத் துணையாக இருந்தது.

ஜிப் பைக்குள் போன் அதிர்ந்தது. பையோடு சேர்த்துக் காதில் வைத்தேன்.

"அம்மா! பெய்யுதும்மா! வெடிப்பெல்லாம் மூடிக்கிச்சு! வரப்பு தளும்புது! அண்ணன் பேந்தப் பேந்த முழிக்கிறாரு!" மகளுக்குப் பின்னால் பக்கத்து வயல்காரரின் குரல் கேட்டது: "நான் சொன்னது அடுத்த மழயம்மா! இது வேற கணக்கு!"

"குடை வச்சிருக்கியா?" என்றேன்.

"என்னது?"

"தலையைத் துவட்டு" என்றேன். அழுகிறேனா என்று கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு முகமெல்லாம் தண்ணீர். இனி அவள் ஏசி வண்டியில் ஏறப் போவதில்லை. அதற்கு நானே எழுந்து நின்று, சபை நடுவில், சத்தமாக ஜெபம் கேட்டிருக்கிறேன்.

எதிர் மூலையிலிருந்து அக்கா கத்தினார்: "பாப்பாவா? தொண்டை எப்படி இருக்குன்னு கேளுங்க!"

தளத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு மூலை மட்டும் அம்மை போட்ட மாதிரி புள்ளி புள்ளியாக ஆகிவிட்டது. அது என் மூலை. போன் பேசும்போது கொஞ்சம் எழுந்துவிட்டேன் போலிருக்கிறது. மேஸ்திரி, பூசிவிடலாம் என்றார். அக்கா, வேண்டாம், இருக்கட்டும், அவங்க வரும்போதெல்லாம் காட்டணும் என்றார். கீழே இறங்கிய பிறகுதான் கணவருக்கு கார் ஞாபகம் வந்தது. அது தெருவில், கணுக்கால் தண்ணீரில், எந்த மேம்பாலமும் ஏறாமல் நின்றுகொண்டிருந்தது. ஒன்றும் ஆகவில்லை.

சனிக்கிழமை மகள் படம் அனுப்பினாள். தொண்டை பிளந்து, கதிரின் நுனி வெளியே எட்டிப் பார்த்தது. கீழே எழுதியிருந்தாள்: "அம்மா, இனிமே பூ பூக்கும். பூக்கும்போது மழை பெஞ்சா மகரந்தம் எல்லாம் கழுவிட்டுப் போயிடும். இப்ப மழை கூடவே கூடாது."

ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று சாட்சி சொன்னேன். கேட்டதைக் கொடுத்த ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள். உட்காரவில்லை, அப்படியே நின்றேன். போதகர் கவலையோடு, "இன்னும் ஏதாவது இருக்கா சிஸ்டர்?" என்றார்.

"ஒரு குறிப்பு இருக்கு ஐயா."

நான் வாயைத் திறப்பதற்குள் பாடகர் குழு வரிசையிலிருந்து அக்கா எழுந்தார். "ஐயா, என்னுதையும் சேர்த்துக்கங்க. தளம் நல்லா இறுகறதுக்கு மேல பாத்தி கட்டித் தண்ணி நிறுத்தியிருக்கோம். நாள் முழுக்கக் குடம் குடமா ஊத்த வேண்டியிருக்கு, இடுப்பு ஒடியுது. இன்னும் நாலு நாள் அதே மாதிரி மழை பெஞ்சா நல்லாயிருக்கும்." சொல்லிவிட்டு, உதவி செய்தவர் மாதிரி என்னைப் பார்த்துச் சிரித்தார். "அவங்களுக்கும் அதானே வேணும்?"

நான் மகள் அனுப்பிய படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். போதகர் என் முகத்தைப் பார்த்தார். விஷயம் புரிந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.